வீட்டுக் கிழமை, ஊர்க் கிழமை

சென்ற வாரம் மூத்தவளைப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். "அந்தப் பொண்ணை எத்தனை நேரம் வெயில்ல நிக்க வைப்பீங்க?" என்று ஒரு வாசகி சண்டைக்கே வந்துவிட்டார். பஸ் வந்துவிட்டதம்மா. ஏறினாள், உட்காரவும் இடம் கிடைத்தது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த நல்லது அது ஒன்றுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூத்தவள் பல் செட் செய்கிறவள். வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்க்கிறவர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூப்பிடுவது வாலு என்று. மூவரும் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். பெட்டிகளில் பாதி இன்னும் பிரிக்கப்படவில்லை. ஊரில் இருப்பது அவளுடைய அப்பாவும் தம்பியும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெண்கலத் தொண்டை. அவர் வண்டியில் விசிலுக்கு வேலையே இல்லை என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிர் தங்கும், பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேர்ந்து ஆறு மாதம் ஆகாமல் ஊருக்குப் போக விடுப்பு கிடையாது என்று மூத்தவளின் கம்பெனி கையை விரித்துவிட்டது. அழுது பார்த்தாள். பிறகு ஆசையைச் சுருக்கிக்கொண்டாள். அந்தக் குரல் போவதற்கு முன்னால் போனிலாவது ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இனி இந்தக் கிழமை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த வாரக் கதை புரியாது.

அவர்கள் வந்து சேர்ந்த ஊரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே வேலைக்குக் கிளம்பிவிடும். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டார்கள். வாலுதான் பழகவில்லை. முதல் ஞாயிறன்று சீருடையைப் போட மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை யாராவது ஸ்கூலுக்குப் போவாங்களா? நீ பொய் சொல்றே!"

மூத்தவள் கெட்டிக்காரி. தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டிச் சொன்னாள். "இன்னிக்கு ஞாயிறுன்னு யாரு சொன்னா? அது ஊருக்கு. நம்ம வீட்ல இன்னிக்குத் திங்கக்கிழமை."

அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் காலண்டரைவிட ஒரு நாள் முன்னால் நடந்தது வாரம். வெள்ளிக்கு வீட்டில் சனி என்று பெயர். சனிக்கு ஞாயிறு. வேலை தொடங்கும் ஞாயிறு, நியாயமான திங்கள். வாய் தவறி ஊர்க் கிழமையைச் சொன்னவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். குழந்தை சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். லிப்ட்காரர் கரி பிடித்த சட்டியை நாலைந்து முறை தேய்த்த பிறகு உஷாராகிவிட்டார். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்?

போன வாரம் தம்பி லிப்ட்காரருக்குப் போன் செய்து, ஆபரேஷன் நாள் குறித்தாயிற்று என்றான். அன்று மாலை அவர் அதை மூத்தவளிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில்.

டாக்டர் அப்பாவை வாயே திறக்கக்கூடாது என்று வைத்திருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மட்டும் பேசிக்கொள்ளலாமாம். செவ்வாய்க்கு முந்தின நாள் திங்கள். மூத்தவள் திங்களன்று அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்கினாள். அந்தத் திங்கள்தான் இன்று. பஸ் அவளை வேலை செய்யும் இடத்தில் இறக்கிவிட்டது.

* * *

பல் செட் கூடத்தில் ஞாயிறும் திங்களும் மூச்சு விட நேரம் இருக்காது. இரண்டு நாள் விடுமுறையில் தேங்கிய அச்சுகளெல்லாம் ஒன்றாக வந்து குவியும். யார் யாருடைய வாயோ, மேல் வரிசை, கீழ் வரிசை, பிளாஸ்டரில் வெள்ளையாக மேஜை முழுவதும் திறந்து கிடக்கும். பிளாஸ்டர் தூள் பறக்கிற இடம் என்பதால் போன்களை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

மூத்தவள் மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டை நட்டதும் பிளாஸ்டர் வாய்க்கு ஒரு முகம் வந்துவிடும். அந்த நேரம் அவளுக்குப் பிடிக்கும். இன்று அதையும் பார்க்காமல் அடுத்ததை எடுத்தாள்.

"என்னம்மா, கடைவாய்ப்பல்லைத் திருப்பி வெச்சிருக்கே?" என்றார் மேற்பார்வையாளர். அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் பல் மேஸ்திரி.

"மன்னிச்சுக்குங்க சார்."

"வீட்ல ஏதாவது?"

"அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் சார். இன்னிக்குப் போன்ல பேசணும். அதுக்குத்தான் மத்தியானம் போறேன்."

அவர் பல்லைச் சரியாகத் திருப்பி வைத்தார். "இப்பவே கிளம்பு. இந்த வாயெல்லாம் நாளைக்கு மூடிக்கலாம்."

மேஸ்திரி நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களால் எல்லாவற்றையும் சரி செய்துவிட முடியுமா என்ன?

பெட்டியைத் திறந்து போனை எடுத்தாள். புதிதாக அழைப்பு எதுவும் இல்லை. நேற்று, அதாவது ஊர் ஞாயிறன்று, அப்பாவின் எண்ணிலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்திருந்தது. வேலை முடிந்து பார்த்தபோது அவளுக்கு முதுகு ஒடிந்திருந்தது. ஞாயிறு என்றால் வீட்டில் இருப்போம் என்ற பழைய நினைப்பில் வாராவாரம் இப்படித்தான் கூப்பிடுவார்கள். 'நாளைக்கு மத்தியானம் கூப்பிடறேன்' என்று தம்பிக்குச் செய்தி போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். அப்பாவின் பேச்சை அவசரமில்லாமல், கைகால் கழுவி, உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஆசைதான் அவளை அன்று படுக்க வைத்தது, அலட்சியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறி டக் டக் என்று சத்தம் போடும், அதையும் நிறுத்தினாள். முகம் கழுவினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுக்கா." அவன் குரல் தேய்ந்திருந்தது.

"அப்பாகிட்ட குடுடா."

"எப்படிக் குடுக்கறது? இப்பத்தான் முடிஞ்சு வெளிய கொண்டு வந்தாங்க. இன்னும் கண்ணு முழிக்கல."

"எது முடிஞ்சுது?"

"என்னக்கா கேக்கறே? ஆபரேஷன்தான்."

மூத்தவள் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"நாளைக்குத்தானேடா? செவ்வாய்க்கிழமைதானே?"

"திங்கக்கிழமைன்னு மாமாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா. காலையில ஆறரைக்கு உள்ள கொண்டு போனாங்க. டாக்டர் நல்லா ஆச்சுங்கறாரு. கட்டி முழுக்க வந்துடுச்சாம்."

நல்லா ஆச்சு. அந்த வார்த்தைக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. உயிர் தப்பிய அப்பாவுக்காகச் சந்தோஷப்படவும் முடியாமல், போன குரலுக்காக வாய்விட்டு அழவும் முடியாமல் நின்றாள்.

"அப்ப இனிமே பேச மாட்டாரா?" என்றாள் குழந்தை மாதிரி.

"தெரிஞ்சதுதானேக்கா. அழாதே. அதான் நேத்து உன்கிட்ட ஆசை தீரப் பேசிட்டாரே. எனக்கு அது போதும்."

"என்கிட்டயா?"

"எங்களை எல்லாம் வெளிய போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு. 'நீ ஒண்ணும் பேச வேணாம்மா, கேளு போதும்'னு ஆரம்பிச்சது மட்டும் காதுல விழுந்துச்சு. அரை மணி நேரம் இருக்கும். வெளிய வந்து 'அவ வாயே திறக்கலடா, அழுதுக்கிட்டிருந்தா போல, ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா'ன்னாரு. மனசுல இருந்ததை இறக்கி வெச்சுட்ட மாதிரி முகம். அப்புறம் எங்க யார்கிட்டயும் பேசவே இல்ல. 'பேச வேண்டியதைப் பேசியாச்சு'ன்னு சைகை காட்டிட்டுப் படுத்துட்டாரு."

மூத்தவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தான் கேட்காத ஒன்றைக் கேட்டதாக அப்பா நம்பிக்கொண்டு கத்திக்குக் கழுத்தைக் கொடுத்திருக்கிறார். அது எப்படி நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அக்கா? என்னதான் சொன்னாரு?"

"அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டாள்.

* * *

லிப்ட்காரர் அதிகாலையில் போய் மத்தியானம் திரும்புகிறவர். கை முழுவதும் கிரீஸோடு உள்ளே வந்தவரை அவள் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"ஆபரேஷன் என்னிக்குன்னு தம்பி உங்ககிட்ட சொன்னான்?"

"திங்கக்கிழமை."

"என்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"செவ்வாய்க்..." அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. "வாலு பக்கத்துல உக்காந்து வீட்டுப் பாடம் எழுதிட்டிருந்தாளேம்மா. ஊர்த் திங்கள்னா நம்ம வீட்டுச் செவ்வாய். அதான் மாத்திச் சொன்னேன்."

"அப்பா ஆபரேஷன்லகூடவா விளையாட்டு?"

"விளையாட்டுன்னு நினைச்சா சொன்னேன்? இந்த வீட்ல செவ்வாய்னா அதுதானே? நீதானே சொல்லிக் குடுத்தே?"

"ஊர் விஷயத்துக்கு ஊர்க் கிழமைதான் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

"வீட்டுக்குள்ள வீட்டுக் கிழமைதான் சொல்லுவேன்னு நீ நினைப்பேன்னு நான் நினைச்சேன். தேதியைக் கேட்டிருக்கலாமே நீ!"

"தேதியைச் சொல்லியிருக்கலாமே நீங்க!"

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நம்மில் யார் தேதியைச் சொல்லிப் பேசுகிறோம்? வர்ற புதன், போன வெள்ளி என்றே பிறந்து வளர்ந்தவர்கள். குழந்தையின் அழுகையை நிறுத்தச் செய்த விளையாட்டு இப்படிப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்று யார் கண்டது?

அவர் கிரீஸ் கையோடு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாமா என்னை மகன் மாதிரிதான் வெச்சிருந்தாரு" என்று சொல்லிவிட்டு, கையால் முகத்தையும் துடைக்க முடியாமல் அழுதார். அவர் அழுததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய கண்ணைத் துடைக்கத்தான் ஆள் இல்லை.

"ஆனா நேத்து என்கிட்ட பேசினதா சொல்றாருங்க. அரை மணி நேரம். நான் பேசவே இல்ல. யார்கிட்ட பேசினாரு?"

அவர் யோசித்தார். "நேத்து மத்தியானம் நான் வந்து சாப்பிட்டுத் தூங்கிட்டேன். வாலுதான் கூடத்துல இருந்தா. அந்தப் பழைய போன் இருக்குல்ல, ஸ்கூலுக்காக வெச்சிருக்கோமே..."

நேற்று வேலை முடிந்து வந்தபோது அந்தப் போன் சோபா மெத்தைக்கு அடியில் உயிர் போய்க் கிடந்தது மூத்தவளுக்கு ஞாபகம் வந்தது. "பொறுப்பே இல்ல உனக்கு" என்று வாலுவைத் திட்டிவிட்டு சார்ஜில் போட்டது அவள்தான். போய் எடுத்துப் பார்த்தாள். அப்பாவின் எண். எடுத்துப் பேசிய அழைப்பு, அரை மணிக்கும் மேல்.

* * *

பள்ளி வேனிலிருந்து இறங்கிய வாலு அப்பா அம்மா இருவரும் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் தான் ஏதோ செய்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டாள். குழந்தைகளுக்கு இந்த மூக்கு மட்டும் கூர்மை.

"தாத்தா நேத்து போன் பண்ணாரா கண்ணு?"

"ம்."

"என்ன சொன்னாரு?"

"அம்மாகிட்ட குடுன்னாரு. அம்மா இப்ப வந்துடுவா தாத்தான்னு சொன்னேன். அப்ப காலிங்பெல் அடிச்சுது. அம்மா வந்தாச்சு, இருங்கன்னு சொல்லிட்டுப் போனை சோபால வெச்சேன்."

"அப்புறம்?"

"கதவைத் திறந்தா நீ இல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணு. விளையாட வர்றியான்னா." வாலுவின் உதடு பிதுங்கியது. "போயிட்டேன்."

"தாத்தா போன்ல இருந்தாரே கண்ணு."

"மறந்தே போயிட்டேன்மா."

குழந்தையை அடிக்கவா முடியும்? மூத்தவள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைப்பு ரொம்ப இறுகிவிட்டது போல, "வலிக்குதும்மா" என்றாள் வாலு.

அம்மா வந்தாச்சு என்று பேத்தி சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா பேச ஆரம்பித்திருக்கிறார். நீ ஒண்ணும் பேச வேணாம்மா, கேளு போதும். அவருக்கு மிச்சமிருந்த குரலை எல்லாம், யாருமே இல்லாத ஒரு கூடத்தில், சோபா மெத்தையிடம் பேசித் தீர்த்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மருமகன் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் யாருடைய வாய்க்கோ பல் நட்டுக்கொண்டிருந்தாள்.

வாலுவை உள்ளே அனுப்பிவிட்டு இருவரும் கிசுகிசுத்தார்கள்.

"உண்மையைச் சொல்லிடும்மா. நீ கேக்கவே இல்லைன்னு."

"யார்கிட்ட? இனிமே ஒரு வார்த்தை பேச முடியாதவர்கிட்ட போய், நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலப்பா, திரும்பச் சொல்லுங்கன்னா?"

"தம்பிகிட்டயாவது சொல்லு."

"அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவாருங்க. கேட்டுட்டாங்கற நிம்மதியிலதான் உள்ள போயிருக்காரு. அது ஒண்ணுதான் இப்ப அவர்கிட்ட இருக்கு. அதையும் நான் பிடுங்கிக்கவா?"

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு பேரும் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

* * *

சாயங்காலம் தம்பி முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் வந்தான்.

"அக்கா, முழிச்சுட்டாரு. நர்ஸம்மா கையில கால்ல விழுந்து ரெண்டு நிமிஷம் வாங்கியிருக்கேன். உன்னைத்தான் கேக்கறாரு."

"பேச முடியாதேடா, எப்படிக் கேட்டாரு?"

"சிலேட்டு வாங்கிக் குடுத்திருக்கேன். இரு, காட்டறேன்."

படம் ஆடி, கட்டில் கம்பி தெரிந்து, பிறகு அப்பா தெரிந்தார். கழுத்தைச் சுற்றிக் கட்டு, நடுவில் ஒரு குழாய். மூச்சு அதன் வழியாகப் போய் வரும் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய ஆகிருதி படைத்த மனிதர், தலையணையில் பாதியாகிக் கிடந்தார்.

"அப்பா" என்றாள்.

அவர் கண் அவளைக் கண்டுபிடித்தது. அழாதே என்பது போல இமையை மூடித் திறந்தார். தம்பி சிலேட்டைப் பிடித்துக்கொள்ள, ஏதோ எழுதினார். தம்பி அதைக் கேமராவுக்கு நேராகத் திருப்பினான். எழுத்து சரிந்து இறங்கினாலும் படிக்க முடிந்தது.

சம்மதமா?

"என்னக்கா சம்மதம்?" என்றான் தம்பி. "நேத்து உன்கிட்ட என்ன கேட்டாரு?"

லிப்ட்காரர் அவள் தோளை அழுத்தினார். சொல்லிவிடு என்கிறாரா, சொல்லிவிடாதே என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டுக்குக் கைநீட்டி ஆயுள் முழுக்க நின்ற மனிதர், வீட்டில் யாரிடமும் எதற்கும் கைநீட்டாதவர். அவர் மகளிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதற்கு என்ன பதில் வரும் என்று தெரியாமலே ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுத்திருக்கிறார். இப்போது அந்தப் பதிலுக்காகக் கண்விழித்திருக்கிறார். அவரிடம் போய் 'என்ன கேட்டீங்க?' என்று எப்படிக் கேட்பது?

"சம்மதம்ப்பா" என்றாள்.

அவர் முகம் அப்படியே தளர்ந்தது. கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. தம்பி துண்டால் துடைத்தான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று மூத்தவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"போதும்ப்பா, தூங்குங்க" என்றான் தம்பி.

அப்பா அவன் கையை விலக்கிவிட்டு, சிலேட்டைக் காட்டி அழிக்கச் சொன்னார். இன்னொரு வார்த்தை எழுதினார். எழுதி முடித்ததும் நிமிர்ந்து, மகளின் வாயையே பார்த்தார்.

தம்பி சிலேட்டைத் திருப்பினான்.

எப்போ?

மூத்தவள் வாயைத் திறந்தாள். அவள் வாயில் ஒரு கிழமையும் வரவில்லை.